டயரில் கட்டிய துப்பாக்கி

கோடி, வயோமிங்
7 அக்டோபர் 1953

என் அன்பு லொரெய்ன்,

நீயும் நோராவும் சுகம்தானே? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஹார்லன் என்ற பண்ணைக்காரரின் ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியைப் பட்டறையில் மாற்றியமைத்து முடித்தேன். போன உலகப் போரின்போது போர்முனையிலிருந்து அவர் மகன் அனுப்பியது. அது வந்து சேர்ந்த மாதமே மகன் இறந்த தந்தியும் வந்ததாம். மான் வேட்டைக்குப் பெரிய தோட்டா போட வேண்டும் என்றார். தோட்டா உட்காரும் அறையை அதற்கேற்பக் குடைந்து கொடுத்தேன்.

"முதல் குண்டு நான்தான் சுடுவேன்" என்று உடனே தோளில் வைத்தார்.

"பழைய இரும்புங்க ஐயா. டயர்ல கட்டிவெச்சு, தூர நின்னு விசையைக் கயித்தால இழுத்துப் பாத்துடலாம்."

"என் பையன் அனுப்புனது என்னை என்னய்யா பண்ணும்? உனக்குத்தான் தொடை நடுங்குது!"

நான் விடவில்லை. பலகைச் சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தேன். துப்பாக்கி வெடித்துச் சிதறியது. ஹார்லன் துண்டுகளைத் தொப்பியில் பொறுக்கினார்.

"எங்க வீட்டுக்காரிக்கு இன்னொரு சாவுச் சேதி போயிருக்கும், தம்பி" என்றார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நோரா வரைந்த படம் எதையாவது கூட வை. தபால் வண்டி வந்துவிட்டது. இனிமேல் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. அன்று கயிற்றை இழுத்தபடி பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தபோது சிறாய் பட்டு, இடது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். பார்வை போகாதாம். ஹார்லன் தினமும் வந்து சொட்டு மருந்து விட்டுப் போகிறார்.

உன் வெர்னன்