வாயுக்கோளாறு மாத்திரை

போளூர், கொடைக்கானல் மேல்மலை

அன்புள்ள ஜோதிமணி,

எழுத்து மேலும் கீழுமாக அலைகிறது, பொறுத்துக்கொள். ஆனால் எல்லாம் நானே எழுதியது!

கொடைக்கானல் ஆஸ்பத்திரிப் பலகையில் வாயுக்கோளாறுப் பிரிவு என்று இருப்பதாக நீதானே வாசித்துச் சொன்னாய்? நேற்று நானே வாசித்தேன். இதய நோய்ப் பிரிவு.

வாயுவுக்கென்று சொல்லி நீ தினமும் கொடுத்த மாத்திரையை டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டேன்.

"இதயம் தன்னைக் காப்பாத்திக்க ஒரு பொருளைச் சுரக்குதுங்கய்யா. உடம்புல இருக்கற நொதி அதை வெட்டிப் போட்டுருது. இந்த மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும்" என்றார்.

என் உடம்பையே இனி நம்புவதாக இல்லை.

உன்னையும்தான். மகள் பிரசவத்துக்கு நீ பழனி கிளம்பியபோது, உன் பையிலும் இதே மாத்திரை அட்டை பாதி தீர்ந்து கிடந்தது. சத்து மாத்திரை என்றாய். உண்மையைச் சொல், உனக்கும் இதயமா? அடுத்த வாரமும் எழுதிக் கேட்பேன்.

இப்போது வாசிக்கத் தெரிந்த,
உன் கணவன்