லிஃப்ட் வாசலில் மாட்டிய சக்கரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே தொழிற்சாலையில் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்படாதீர்கள். சரக்கு ஏற்றும் புது டிராலிக்கு எடையை மட்டும் கணக்குப் போட்டுச் சின்னச் சக்கரமாக வாங்கிவிட்டேன்.

“தம்பி, லிஃப்ட் வாசல் இடுக்குல இது மாட்டிக்குமே” என்றார் டிராலி தள்ளும் அக்கா.

“நீங்க தள்ளுற வேலைய மட்டும் பாருங்க” என்றேன். என் வாய்க்கொழுப்பு உங்களுக்குத் தெரியும்.

நேற்று அங்கேயே மாட்டியது. டிராலியிலிருந்த மோட்டார் சரிந்து, அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மேனேஜரிடம், “நான்தான் வேகமா தள்ளிட்டேன்” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

இங்கே என்னைச் “சாப்டியா?” என்று கேட்கும் ஒரே ஆள் அவர்தான். இன்றும் கேட்டார், கட்டுப் போட்ட கையோடு.

அம்மா தடவும் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். மேனேஜர் வந்துவிட்டார், உண்மையைச் சொல்லப் போகிறேன்.

உங்கள் மகன்