கோணல் சாரம்

2007 மார்ச் 9

சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொழும்பிலிருந்து சரக்கு வந்தது. சேலைகள் பரவாயில்லை. ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் அறுபதும் நெசவு கோணல்; நடுவில் கோடுகள் நெளிகின்றன. பதினோரு வருஷமாக என் கடையில் துணி கிழிக்கிற கந்தப்பன் அளக்கிற அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "நேராத்தாங்க இருக்கு மொதலாளி" என்றான்.

"ஒன் கண்ணுலதான்டா கோளாறு" என்றேன்.

மூட்டையைத் தோளில் போட்டு, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாக விற்று, ஹட்டன் கடைத்தெருவில் இடம் பிடித்தவன் நான். துணியில் என்னை ஏய்க்க முடியாது. அறுபதையும் திருப்பி அனுப்பியாயிற்று.

மார்ச் 12

சரக்கு அனுப்பிய கொழும்பு மொத்தக்கடை செல்லசாமி தொலைபேசியில் பிடித்தார். சரக்கில் குறையே இல்லையாம். எனக்கு வயதாகிவிட்டதா என்று நக்கல் வேறு. அறுபத்திரண்டு ஒரு வயதா?

மார்ச் 17

எதிர்க்கடைக் கதவு நிலையும் நடுவில் வளைந்திருக்கிறது. மரம் ஒரே நாளில் எப்படி வளையும்? இடது கண்ணைப் பொத்தினேன் — நேர். வலதைப் பொத்தினேன் — வளைவு. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பிறகு ஒரு சிகரெட். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 22

கண்டியில் கண் டாக்டர். புரையாக இருக்கும், எடுத்துவிட்டால் சரி என்று நினைத்துப் போனேன். அது இல்லையாம். விழித்திரையின் நடுப்பகுதி, முகத்தையும் எழுத்தையும் பார்க்கிற இடம், வயதோடு கெடுகிறது. இரண்டு கண்ணிலும் மஞ்சள் பொட்டுகள் படிந்திருக்கின்றன. வலதில் அத்தோடு நிற்கிறது. இடதில் புதிதாக இரத்த நாளம் முளைத்துக் கசிகிறது. கோடு வளைவது அதனால். கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். சிரிப்பு வந்துவிட்டது. என் சாரமேதான்.

குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு. பூண்டுலோயாத் தோட்டத்தில் கடைசி வருஷங்களில் எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் கிடக்கும் பீடித்துண்டைச் சரியாக எடுப்பார். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறார் என்றார் தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கு. நானும் நம்பினேன். நம்பித் திட்டியும் இருக்கேனே — என்னய்யா மனுசன் நான்.

இரத்த வழியில் வருமாம். எல்லாருக்கும் வந்தே தீரும் என்றில்லை. இதற்கான மரபணு ஒன்றை வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்தான் கண்டுபிடித்தார்களாம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "மரபணுவை மாத்தேலாது ஐயா, சிகரெட்டை விடலாம்" என்றார். கூடப்பிறந்தவர்களையும் கூட்டி வரச் சொன்னார். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, ராக்காயி.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். போனது எல்லாம் திரும்பும் என்று சொல்ல மாட்டாராம், இருப்பதைக் காக்கலாம். சரி என்றேன். நனைந்த மூட்டையில் காய்ந்த துணியைப் பிரித்தெடுத்து விற்றவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 23

சிகரெட் இல்லை. எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 29

முதல் ஊசி. பயந்த அளவு வலி இல்லை.

ஏப்ரல் 2

செல்லசாமியிடம் மன்னிப்புக் கேட்டு, சாரங்களைத் திரும்ப வரவழைத்தேன். கந்தப்பனிடமும் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே திரிகிறான். திரியட்டும். ஒரு சாரத்தைக் கல்லாவுக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டேன். கடை திறந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன்.

ஜூன் 10

மூன்று ஊசி முடிந்தது. வளைவு பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ராக்காயிதான் கண்ணைக் காட்ட அசையமாட்டேன் என்கிறாள். கொழுந்து பார்த்துப் பறிக்கிற கண்ணுக்கு வைத்தியம் எதற்காம். ஊசிப் பயம், வேறென்ன.

ஜூன் 24

மகள் வளைகாப்புக்குச் சேலை எடுக்க ராக்காயி கடைக்கு வந்தாள். நான் வைத்தியப் பேச்சையே எடுக்கவில்லை. சரக்கு எப்படி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சொல் என்று சாரத்தைக் காட்டினேன். வலதை மூடினாள், நல்ல துணி என்றாள். இடதை மூடினாள். கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடி கிட்டே போனாள்.

"இத எவண்ணே ஒன் தலையில கட்டுனான்? நடுவுல நூலு நெளியுது."

கந்தப்பன் என்னைப் பார்த்தான். "எனக்கும் இப்படித்தான் நெளிஞ்சிச்சு" என்றேன். சாரத்தை ஆணியிலிருந்து இறக்கி, மடித்து, அவள் சேலைப் பைக்குள் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டு, "ஊசி போடயில நீ பக்கத்துல நிப்பியா?" என்று கேட்டாள்.

நாளைக் காலை ஆறு மணி கண்டி பஸ். இரண்டு இடம் பிடித்து வைக்கக் கந்தப்பன் முன்னாலேயே போகிறான்.