இடது கண்

அக்கா, சளி பிடித்திருக்கிறதே என்று இன்று காலை கைக்குட்டையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டேன். வாசனை ஏறியதும் மூக்கு திறந்ததோ இல்லையோ, மலைமேல் உங்கள் பெர்ன்ஹில் வீட்டு முன்னறையும் வாசலில் உங்கள் தம்பியின் ஜீப் ஹாரனும் வந்து நின்றுவிட்டன.

பாகம் பிரித்ததில் உங்கள் அம்மாவை வரைந்த பழைய எண்ணெய் ஓவியம் தம்பிக்குப் போனது. ஆவணியில் வந்து கோயம்புத்தூருக்கு எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அதைப் பார்த்து இன்னொன்று வரைந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். உங்களுக்கும் சரி, துணைக்கு இருந்த எனக்கும் சரி, பிரஷ் பிடிக்கவே தெரியாது. செல்போன் வீடியோதான் வாத்தியார். "போட்டோ எடுத்து வெச்சுக்கலாமுங்களே" என்றேன். "போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் பத்தும். எனக்கு அம்மாகூட உக்காரோணும் கண்ணு" என்றீர்கள்.

ஆடி மழையில் சாயம் காய்வேனா என்றது. கணப்புச் சட்டியை வைத்துக் காயவைத்தோம். புடவை, கழுத்து, வாய் என்று ஒவ்வொன்றாய் வந்தது. கண்களைக் கடைசிக்கு வைத்திருந்தீர்கள்.

தம்பி வந்த ஞாயிறன்று நீங்கள் போட்ட இடது கருவிழி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. சாயம் துடைக்கும் டர்பன்டைன் தீர்ந்துவிட்டது. கடையும் இல்லை. நீங்கள் தைலப் புட்டியை எடுத்தீர்கள்.

"வேண்டாமுங்க அக்கா."

"நம்மூர் சரக்குதானே, ஒண்ணும் பண்ணாது."

துணியால் ஒரே இழுப்பு. கருவிழி, இமை, அடியில் காய்ந்திருந்த நிழல் எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் கான்வாஸ் துணியின் வெள்ளை தெரிந்தது.

நான் ஓடிப்போய்த் தம்பிக்கு இரண்டாவது டீயும் தொட்டுக்கொள்ள வர்க்கியும் கொடுத்துப் பேச்சை வளர்த்தேன். "மிஸ்ட் எறங்குதுங்க, ரோட்டை அடைச்சாலும் அடைச்சுருவாங்க" என்று அவர் எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுடா என்று நீங்கள் கேட்டிருக்கலாம். பாகம் பிரித்த நாளிலிருந்து அவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று உங்களுக்கு ஒரு வீம்பு. ஆணியிலிருந்து அம்மா இறங்கிப் போனார்.

ஜீப் சத்தம் மறைந்ததும், "ஜன்னல்கிட்ட உக்காரு கண்ணு, அசையாதே" என்றீர்கள். என்னைப் பார்த்துப் பார்த்து அந்தக் கண்ணைப் போட்டீர்கள்.

உங்கள் காரியத்துக்கு வந்த தம்பி நீங்கள் வரைந்த படத்தின்முன் வெகுநேரம் நின்றார். "எங்ககிட்ட இருக்கற படத்துல அம்மா சும்மா பார்க்கறாங்க. இதுல எடது கண்ணு கலங்கியிருக்குதுங்களே, ஏனுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று நான் அழுதுகொண்டிருந்தேன் அக்கா. நீங்கள் பார்த்ததைத்தான் போட்டீர்கள். இன்று காலை முகம் துடைக்கும்போது கண்ணாடியில் அதே கண் கலங்கியிருந்தது. உங்கள் அம்மாவின் கண் என்று நினைத்து அதை மெதுவாகத் துடைத்தேன்.