பழுப்பு அட்டை போட்ட மூன்று

ஜூன் 16, திங்கள்
காற்று பலம். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் இன்னும் ரிப்பேர் ஆகவில்லை.

பிளஸ் ஒன் பொருளியலுக்குத் துணைப் புத்தகம் எதுவென்று வெள்ளிக்குள் ஹெச்.எம்.மிடம் சொல்லணும். வழக்கமாக, எந்த கைடுக்காரர் இலவசப் பிரதியோடு முதலில் வருகிறாரோ அவருடையதுதான். இந்த வருஷம் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். இரண்டு கைடு, கூட என் நோட்ஸ். பன்னிரண்டு வருஷ உழைப்பு, அட்டையில் கொட்டை எழுத்தில் என் பெயர். மூன்றிலும் அளிப்பு, அதாவது சப்ளை, பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பழுப்பு அட்டை போட்டு, 1, 2, 3. என்னுடையது 3. பெயர் தெரியாமலே ஜெயிக்கணும். ஆசைதான்.

ஜூன் 17, செவ்வாய்
மூன்றையும் பிள்ளைகளிடம் கொடுத்தாச்சு. வாங்க வேண்டியது: தக்காளி, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒருத்தி: "மூணாவதுதாண்டி புரியுது. மத்ததெல்லாம் மனப்பாடத்துக்குத்தான்." தாகமில்லாமல் இரண்டு தம்ளர் குடித்தேன். மதியச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட வெஞ்சனத்தில் உப்பு கூடவாம். எனக்குத் தெரியவே இல்லை.

ஜூன் 18, புதன்
பாதிக்கு மேல் 3-க்குத்தான் கை தூக்கினார்கள். அப்போது கௌசல்யா எழுந்தாள். ஹாஸ்டல் பிள்ளை. ஊர் ஆயக்குடி, அப்பாவுக்குக் கொய்யாத் தோப்பு. 3-ல் ஒரு தப்பு என்றாள். விலை விழுந்தால் விவசாயி அன்றைக்கே குறைவாகக் கொய்யா கொண்டுவருவார் என்று நான் எழுதிய எடுத்துக்காட்டு.

"பழுத்தத மரத்துல விட்டு வைக்க முடியாதுங்க டீச்சர். வெல போனாலும் அப்பா அத்தனையும் பறிச்சுத்தானுங்க கொண்டு போவாரு. கொறைக்கணும்னா மரத்தத்தான் வெட்டணும்."

முகம் சுட்டது. அழுகும் பொருளுக்கு அன்றைய அளிப்பு மாறாது. எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் கொய்யாவை மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றதோடு சரி. இத்தனை வருஷத்தில் ஒருத்தி கேட்டதில்லை. அட்டையில் டீச்சர் பேர் இருந்தால் யார் கேட்பார்கள்?

மூன்று என்னுடையது, தப்பும் என்னுடையது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனுங்க."

நல்லவேளை தெரியலை என்றேன்.

பஸ் ஸ்டாண்ட் வரை எரிச்சல். பஸ் பேகம்பூர் வருவதற்குள் பெருமை தாங்கவில்லை. என் வகுப்புப் பிள்ளை! தனியாகச் சிரித்தேன், பக்கத்து சீட் அம்மா தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூன் 20, வெள்ளி
தூறல். லிஸ்ட் கொடுத்தாச்சு. கணக்குப் பயிற்சிக்கு கைடு 1, பாடத்துக்குத் திருத்திய நோட்ஸ். கொய்யா எடுத்துக்காட்டு அவள் சொன்னபடியே. கீழே: கௌசல்யா, பதினொன்றாம் வகுப்பு, ஆயக்குடி.

ஜெராக்ஸ் கடை அண்ணன் முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன டீச்சர், இந்த வருசம் ஒங்க பேரக் காணோம்?"

போட மறந்தே போச்சு. அப்படியே அடிங்க என்றேன்.