அக்கா நடத்திய லீக்

மார்ச் 3, செவ்வாய்
மாத்திரை. குளியல். பாதி ரொட்டி. நாளை முதல் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊரார் பிழையைத் திருத்த நானா?

மார்ச் 6
மெஷின் ஓட்டும் அண்ணன் தோளில் தட்டினார். “என்னப்பா, உன் பணிமனை ஃபுட்பால் டீம் இப்படிக் கவுந்துடுச்சே?”

“போன சீசன் ரெண்டாவதா வந்தோமே அண்ணே.”

அவர் சிரித்த சிரிப்பில் மையே தெறித்தது. “ஆஸ்பத்திரில என்ன மாத்திரைடா குடுத்தாங்க? எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா.”

மார்ச் 7
போனில் தேடினேன். எதைத் தட்டினாலும் இந்த வருடத்துப் பட்டியலே வருகிறது. பழைய சீசன்கள் பக்கத்தின் அடியில், ஒரு சின்ன அம்புக்குறிக்குள். இரண்டாம் டிவிஷன். பன்னிரண்டு அணிகள். நான் மேலிருந்து படித்துக்கொண்டே இறங்கினேன். இறங்கினேன்.

கடைசி வரி. சிவப்புக் கட்டம். பணிமனை: வெற்றி 3, சமன் 4, தோல்வி 15. மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கம்.

மார்ச் 8, ஞாயிறு
வார்டில் போன் கூடாது. அந்த சீசன் முழுவதும் எனக்கு வெளியுலகம் என்பது ஞாயிறு நாலு மணிக்கு வரும் அக்கா மட்டும்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்வாள். அவளுக்குக் கால்பந்து பற்றித் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை என்பதுதான். ஆனாலும் சொல்வாள். அவள் ஆட்டங்களில் எப்போதும் மழை. துறைமுக அணியை மூன்று முறை தோற்கடித்தோம். லீகில் ஒரு அணியோடு இரண்டு முறைதானே ஆட முடியும்? மாத்திரை மயக்கத்தில் நான்தான் எண்ணிக்கையை விட்டேன் என்று நினைத்தேன்.

என்னைச் சந்தேகித்தேன். அவளை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் போனைத் திறக்கப் பயம். “புது சீசன் இன்னும் தொடங்கலடா” என்றாள். அதையும் நம்பினேன்.

மார்ச் 9
சாப்பிடவில்லை.

மார்ச் 10
துறைமுகத்தோடு இரண்டு கோல் பின்தங்கி மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்த அன்றுதான் வார்டில் முதன்முதலாக எழுந்து உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்தேன். தேதி நினைவிருக்கிறது. பார்த்தேன். ஒன்றுக்கு நாலு. தோல்வி.

அப்படியானால் அன்று எழுந்து உட்கார்ந்தது யார்? எதன் மேல் உட்கார்ந்தான்?

மார்ச் 11
மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இதுவும் அவள் வாங்கித் தந்ததுதான். கடைசியில் விழுங்கினேன். நம்பிக்கையால் அல்ல, கை வலித்ததால்.

மார்ச் 14
அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான். செருப்பு அலமாரியில் அத்தானின் தட்டு காலி. ஒரே ஒரு குடை. அவர் வேலை விஷயமாக வெளியூரில் என்று எத்தனை மாதமாகச் சொல்கிறாள்?

“லீக் பட்டியலைப் பாத்தேன்க்கா.”

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. “அதையெல்லாம் எடுத்து வெப்பாங்களா? ஆடி முடிச்சதும் அழிச்சிடுவாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“ஏன்க்கா?”

“மொத வாரம் நெஜத்ததான்டா சொன்னேன். அஞ்சு கோல்ல தோத்தாங்கன்னு. நீ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்ட. அடுத்த வாரம் என்னால முடியல.”

“எல்லாம் பொய்யா சொல்லிட்டு, ரெண்டாவது எடம் மட்டும் எதுக்கு? மொதல் எடமே குடுத்திருக்கலாமே.”

“மொதல் எடம்னா நீ நம்பியிருக்க மாட்ட.”

அத்தானைப் பற்றிக் கேட்டேன்.

“அவரு வீட்ட விட்டுப் போனதும் அந்த சீசன்லதான்” என்றாள். மறுபடி வெங்காயம்.

மார்ச் 15
வார்டுக் கட்டிலில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் அவளும். எனக்கு வாரா வாரம் ஒருத்தி வந்து சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள்?

மார்ச் 27
அக்கா பத்து நாளாக வேலைக்குப் போகவில்லையாம். போனை எடுப்பதில்லை. நான் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ — அந்தப் பொய்தான் அவளையும் நிமிர்த்தி வைத்திருந்ததோ? சனியன் பிடித்த அம்புக்குறி. அதை ஏன்தான் தட்டித் தொலைத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு
போனேன். கதவைத் திறந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். இருட்டியதும் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு
மூன்றாம் டிவிஷனிலும் பணிமனை கடைசிக்கு முந்தைய இடம். நேற்று இரண்டு கோல் வித்தியாசத்தில் தோல்வி. பேருந்தில் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

நாலு மணி. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“நேத்து ஒண்ணுக்கு ஒண்ணு” என்றேன். வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

சுவரிடம் கேட்டாள்: “யாரு போட்டா?”

“எட்டாம் நம்பர். தலையால முட்டி.”

“எட்டாம் நம்பருக்குப் போன வாரமே செவப்பு அட்ட. நேத்து எப்படிடா ஆடுவான்?”

திடுக்கிட்டேன்.

“அந்தப் பட்டியல இப்பல்லாம் நானும் பாக்கறேன்” என்றாள். திரும்பவில்லை. “உனக்குப் பொய் சொல்லவே வரல.”

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

“சரி, சொல்லு” என்றாள். “அப்புறம்?”

சொன்னேன். இரண்டாம் பாதியில் மழை வந்தது என்றேன்.