நர்மதா மேடம் சொன்னது

ஜூன் 9, 2025, திங்கள்

மாதவிலக்கின் முதல் நாள். இடுப்பு கழன்று விழுவதுபோல் வலி. அரை நாள் லீவு கேட்டேன். ஜெயகிருஷ்ணன் சார் சிரித்தார். "இந்தப் பிரச்சனைக்குத்தானே நாமளே மருந்து விக்கிறோம், நீங்களே லீவு கேட்டா எப்படி மேடம்?" அவர் சொன்னது அவருக்கே பிடித்துப்போய், பக்கத்து சீட் கிருபா வந்தபோது அவளிடமும் ஒருமுறை சொன்னார்.

நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நாற்பத்தாறு பேருக்கு போன் செய்தேன். தலைவலி, மார்வலி, வயிற்று உப்புசம், எரிச்சல், நாள் தள்ளிப்போவது, எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு டப்பா பொடி. பதினாறு மூலிகை என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அசோகப்பட்டை, சதகுப்பை, எள், வெந்தயம், இந்த நான்கைத் தவிர மற்றது என்னவென்று எங்கள் ஆறு பேரில் யாருக்கும் தெரியாது.

சேலையூரில் பேக்கரிக்கு மேல் மாடி, ஆறு போன், ஆறு பெண்கள். எல்லாருக்கும் 'ஆரோக்கிய ஆலோசகர்' என்று பெயர். நான் படித்தது பி.காம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சார் சொல்லிவிட்டார்: "ஹஃபீசான்னா சித்த மருந்துக்கு செட் ஆகாதும்மா. போன்ல நீங்க நர்மதா மேடம்." பதினான்கு மாதமாக நர்மதா. அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? இரண்டு பஸ் மாறாமல் போகிற வேலை, அதனால்தான். வேறு காரணம் தேடினால் பொய்.

ஜூன் 10

மாமி சோம்பும் ஓமமும் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். சூடாகக் குடித்ததும் வலி கொஞ்சம் விட்டது. மாமியார் கொடுத்தது டப்பாவில் வரவில்லை, நூறு சதவீதம் கியாரண்டியும் கொடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சந்திரிகா. கோவிலம்பாக்கம். நாற்பத்தொரு வயது. மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆயா வேலை. மே மாதம் நான்தான் முதல் டப்பா விற்றேன். தேதிக்கு ஒரு வாரம் முன்னால் தலை வெடிக்கிறது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் பாய்கிறேன், அப்புறம் நானே உட்கார்ந்து அழுகிறேன் என்றாள் அப்போது. எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அது ஒன்றுதான் போனில் படிக்கச் சொல்லிக் கொடுத்த அட்டையில் இல்லாமல் நானாகச் சொன்னது. அதை நம்பித்தான் வாங்கினாள்.

இன்றைக்கு அவளே கூப்பிட்டாள்.

"நர்மதா மேடம், பதினோரு நாளா நிக்கவே இல்ல மேடம். கட்டி கட்டியா போவுது. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்புடுறாரு. போவட்டுமா?"

என் முன்னால் அட்டை இருந்தது. கேள்வி எண் பதினேழு: ரத்தப்போக்கு அதிகமானால். பதில்: 'கழிவு வெளியேறுகிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இடையில் நிறுத்தாதீர்கள். காலை ஒரு வேளை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.'

படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். "ஊசி, மாத்திரைன்னு போனீங்கன்னா இவ்ளோ நாள் எடுத்தது வீணாயிடும்" என்று அட்டையின் கடைசி வரியையும் படித்தேன்.

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றாள். இரண்டாவது டப்பாவுக்கும் ஆர்டர் போட்டேன்.

ஜூன் 13

பதினோரு நாள். கட்டி கட்டியாக.

ஜூன் 14, சனி

சாரிடம் கேட்டேன். இவ்வளவு போனால் டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டாமா?

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார்."

"அப்போ டாக்டர் எழுதிக் கொடுத்தத மட்டும் படிங்க."

எந்த டாக்டர் என்று கேட்டேன். சுவரில் வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிற ஆளின் படத்தைக் காட்டினார். அந்தப் படத்தை நெட்டிலிருந்து எடுத்து ஃபிரேம் போட்டு வந்தது கிருபா. அவள் குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சந்திரிகாவுக்கு போன் போட நினைத்தேன். லிஸ்டில் இன்னும் முப்பது பெயர் இருந்தது. நாளைக்குப் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 17

போடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. ஆண் குரல்.

"நர்மதா மேடமா? சந்திரிகா வூட்டுக்காரன் சக்திவேல் பேசறேன். உன் மருந்த துன்னுகினே கெடந்தா. மேடவாக்கம் பஸ் ஸ்டாப்புல வுழுந்துட்டா. ரத்தம் அஞ்சு தான் கீதாம், பன்னெண்டு இருக்கணுமாம். குரோம்பேட்ட ஆஸ்பத்திரில ரெண்டு பாட்டில் ஏத்திகினு கீறாங்க. கர்ப்பப்பையில கட்டி கீதாம். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் கூப்ட்டேன்மா. வரல. நர்மதா மேடம் வேணாம்னு சொல்லிச்சுன்றா."

அவர் கத்தியிருந்தால் தேவலை. குரல் உடைந்து போய், "இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சாரிடம் ஓடினேன். "எந்த நம்பர்?" என்றார். சொன்னேன். என் கையிலிருந்து போனை வாங்கி அந்த நம்பரை பிளாக் செய்து திருப்பிக் கொடுத்தார். மேஜைமேல் பேனா விழுந்தால் எடுத்துவைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

ஜூன் 25, புதன்

கத்திவிட்டேன். கீழே பேக்கரியில் நின்றவர்கள் மேலே பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அந்தப் பதினேழாம் கேள்வி அட்டையைக் கிழித்து அவர் மேஜையில் போட்டேன். ஒரு பெண் செத்துப்போயிருப்பாள், உங்களுக்குப் புரிகிறதா இல்லையா என்று கேட்டேன்.

அவர் மெதுவாக, மற்ற ஐந்து பேருக்கும் கேட்கும்படி: "என்னம்மா, பீரியட்ஸ் டைமா? ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க, ஃப்ரீ."

இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள். பெண்கள்! அவர்களுக்கும் மாதாமாதம் வயிறு வலிக்கிறது.

இன்றைக்கு எனக்குப் பதினேழாவது நாள், சார், அது முடிந்தே பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கணக்குத் தெரியாமலா பெண்களுக்கு மருந்து விற்கிறீர்கள்? இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போதுதான் தோன்றியது.

இறங்கும் முன் ஒரு காரியம் செய்தேன். ஆபீஸ் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். ஜூன் 12 சந்திரிகா அழைப்பை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். என் கஸ்டமர் லிஸ்டையும் படம் எடுத்துக்கொண்டேன்; மேஜையிலிருந்து தரையில் விழுந்த அட்டைத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டேன். லிஸ்டில் சந்திரிகாவைத் தவிர அறுபத்திரண்டு பெயர். கிருபா பார்த்தாள். பார்த்துவிட்டு, சார் எழுந்து வரப் போகும்போது அவரிடம் எதையோ கேட்டு நிறுத்திவைத்தாள்.

ஜூன் 26

என் வீட்டுக்காரர் ஆசிப் மச்சானிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். வேலையில் ஏ.சி. கழற்றிவிட்டு வந்த கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்.

"இதுல சாரோட குரல் எங்க இருக்கு?"

"இல்ல."

"உன் குரல் மட்டும்தானே இருக்கு. இதக் கொண்டுபோய் கொடுத்தா யாரப் புடிப்பாங்க? வேலையத்தான் விட்டுட்டியே, அதோட விடு. உனக்கு டேட் கிட்ட வந்தாலே இப்படித்தான், எல்லாம் பெருசாத் தெரியும்."

இன்னும் பத்து நாள் இருக்கிறது. பத்து நாள்! காலண்டரில் நான் போடும் வட்டம் சமையலறையில் அவர் கண்முன்னால்தான் தொங்குகிறது. தட்டை வைத்த வேகத்தில் குழம்பு தெறித்து அவர் சட்டையில் விழுந்தது. துடைக்கவில்லை நான்.

ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அதுதான் இன்னும் எரிகிறது. அதில் இருப்பது என் குரல்தான்.

ஜூன் 28, சனி

குரோம்பேட்டை ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு. சாத்துக்குடி வாங்கிப் போனேன். எவ்வளவு அபத்தம், சாத்துக்குடி.

கையில் ஊசி, உதடு வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். என்னை யாரென்று தெரியவில்லை. பக்கத்து படுக்கைக்கு வந்தவள் என்று நினைத்து லேசாகச் சிரித்தாள். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். சிரிப்பு நின்றுவிட்டது.

"நர்மதா மேடமா?"

"என் பேரு ஹஃபீசா. நர்மதான்னு சொல்லச் சொன்னாங்க."

"பேருகூட பொய்யா?"

சக்திவேல் ஸ்டூலிலிருந்து எழுந்தார். சந்திரிகா கையைக் காட்டி அவரை உட்காரவைத்தாள்.

"பத்து வருசமா எனக்கு வர்ற கோவத்த எங்க வூட்ல பேய் புடிச்சிருக்குன்வாங்க. நீதான் மொதமொதல்ல எனக்கும் அப்டித்தான்னு சொன்ன. இவரு கையப் புடிச்சு இழுத்தாரு, போவல. நீ சொன்ன ஒரே காரணத்துக்காகப் போவல. தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரியாது. ஆனா சந்தேகம் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல."

இதைச் சொல்ல வேண்டும் என்று போகும்போது நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து ட்ரிப்ஸ் மாற்றிவிட்டுப் போனார்.

"நீ பேசனது ரெகார்டு கீதா?" என்றாள், திரும்பாமலே.

"இருக்கு."

"கொண்டுபோய் குடு. அப்பறம் வா. இந்தப் பழத்த எடுத்துகினு போ."

ஜூலை 2, புதன்

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சில். மச்சான்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். திரும்பிப் போகவில்லை, வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பதிவை முழுதும் கேட்டார்.

"இந்த நர்மதா யாரு?"

"நான்தான் மேடம்."

"தெரிஞ்சுதான் கொடுக்கறீங்களா? ஸ்டேட்மெண்ட்ல உங்க பேரும் வரும்."

"தெரியும்."

கிழித்த அட்டையை டேப் போட்டு ஒட்டிவந்திருந்தேன். டப்பாவையும் கொடுத்தேன். அவர் லைசென்ஸ் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். அது சத்து மாவு விற்க வாங்கிய எண்ணாம். மருந்துக்கே இல்லை.

வெளியே வந்து மச்சானிடம் சொன்னேன். "சத்து மாவா?" என்றார்.

ஜூலை 5, சனி

உண்மையிலேயே தேதி கிட்ட வந்துவிட்டது. காலையிலிருந்து மிக்ஸி சத்தம், எதிர்வீட்டு டி.வி., மாமியின் இருமல், எதையும் தாங்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த நாட்களில் எனக்குத் தோல் மெலிசாகிவிடுகிறது, அது உண்மை. ஆனால் குத்துகிற முள் என் கற்பனை இல்லை. இதை ஏன் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை? நாள் பார்த்துத்தான் எங்களுக்குக் கோபம் வர வேண்டுமா, நாள் பார்த்துத்தான் அதை மதிப்பீர்களா?

மாமி கதவைத் தட்டி, "சோம்புத் தண்ணி வெச்சிருக்கேன், ஆறிடும்" என்றார்கள். அவ்வளவுதான். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

கிருபா போன் செய்தாள். ஆபீசுக்கு சீல் வைத்துவிட்டார்களாம். சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "ஹஃபீசாக்கா, அவரு வண்டலூர்ல ரூம் பாத்துட்டாரு. டப்பா மட்டும் பச்சை கலர்ல மாத்தறாரு. என்னக் கூப்பிட்டாரு. நான் போகல."

பச்சை! கேஸ் நடக்கும், வாய்தா வரும், அவர் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வருவார். வண்டலூர் முகவரியை வாங்கி அந்த அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு வந்தது. பதில் இல்லை.

என்னிடம் இருக்கும் அறுபத்திரண்டு பெயரை என்ன செய்வது? அவர்கள் வீட்டு அலமாரியில் இன்னும் அந்த டப்பா இருக்கும். நர்மதா மேடம் சொன்னது என்று காலையில் ஒரு ஸ்பூன் போடுவார்கள்.

ஜூலை 16

போன் போட ஆரம்பித்தேன். "என் பெயர் ஹஃபீசா. நர்மதா என்று உங்களிடம் பேசியது நான்தான். அந்தப் பொடி மருந்தே இல்லை. நான் டாக்டர் இல்லை." நான்கு பேர். ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஒருத்தி, இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்து இதைக் குறை சொல்கிறாயா என்றாள். ஒருத்தர் வைத்துவிட்டார். ரோஸி என்று பல்லாவரத்துப் பெண், "அப்போ என் வலிக்கு நான் என்னதான் பண்றது?" என்று கேட்டாள். அதற்கு எந்த அட்டையிலும் பதில் இல்லை. தெரியாது என்றேன். அரை மணி நேரம் பேசினாள்.

நான்கு பேரோடு இன்றைக்கு நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சந்திரிகாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். கோவிலம்பாக்கத்து வீட்டுக்குப் போனேன். வரச்சொன்னாளே. மின்விசிறிக்கு நேராகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அந்த வெளுப்பு போயிருக்கிறது. ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாதாம்.

சீல் வைத்தது, வண்டலூர், லிஸ்ட், எல்லாம் சொன்னேன். எத்தனை பேருக்குப் போட்டாய் என்று கேட்டாள். பத்தொன்பது. அதற்குமேல் திட்டு வாங்க முடியவில்லை என்றேன்.

"திட்டாம? கொஞ்சுவாங்களா?" என்றாள். அப்புறம் கையை நீட்டினாள். "நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. லிஸ்ட்ட குடு."

ஆகஸ்ட் 13, புதன்

முடிந்தது. நான் இருபத்தைந்து, சந்திரிகா முப்பத்தேழு. அவள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

"நான் கோவிலம்பாக்கம் சந்திரிகா. அந்த டப்பாவ துன்னு ஆஸ்பத்திரில கெடந்தவ. உனக்கு எத்தினி நாளா போவுது, மொதல்ல அத்த சொல்லு."

ஒருவர்கூட அவள் பேசும்போது போனைத் துண்டிக்கவில்லை. வண்டலூரில் ஜென்சி என்று ஒரு பெண், இருபத்து மூன்று வயது, ஒன்பது நாளாக நிற்கவில்லை என்றாள். சந்திரிகா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சக்திவேலை அதட்டினாள்: "யோவ், ஷேர் ஆட்டோ புடி. இந்தப் பொண்ணுக்குக் கூட ஆள் இல்லியாம்."

தையல் ஆறாதவள் போகக் கூடாது என்று நானே ஜென்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா ஜென்சியை உள்ளே கூப்பிட்டு ஸ்கேன் எழுதும்போது, யார் அழைத்துவந்தது என்று கேட்டிருக்கிறார். கதவு வழியாக ஜென்சியின் பதில் கேட்டது. "ஹஃபீசாக்கா."